வாழைமர நோட்டு கொண்டு போனேன், கடன் புக்கைக் கேட்டாங்க

பினாங்குல பழைய சாமானெல்லாம் சேத்து வச்சு நாலஞ்சு பேர் சொந்தமா நடத்துற ஒரு சின்ன மியூசியத்துக்கு முதல் தடவை போனப்போ பூட்டிக் கிடந்துச்சு. அதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த மாதிரி எடத்துக்குப் போற பாதிப்பேருக்கு நடக்கிறது அதுதான். கதவுல ஒட்டின தாள்ல சனி ஞாயிறு காலைல 10 மணிலேர்ந்து 1 மணி வரைக்கும்னு தெளிவா எழுதியிருக்கு, நான் பத்தே முக்காலுக்கு அம்மாவையும் பையனையும் கூட்டிக்கிட்டு எதிர்க்கரை பட்டர்வொர்த்லேர்ந்து ஃபெரி ஏறி வந்து நிக்கிறேன், கம்பிக் கதவுல இவ்ளோ பெரிய பூட்டு. பக்கத்து அஞ்சடில (கடை முன்னாடி இருக்கிற நடைபாதை) பூ கட்டிக்கிட்டிருந்த அக்காதான் சொன்னாங்க, சாவி வச்சிருக்கிற ஐயா வீட்ல இன்னைக்கு கல்யாணம், அடுத்த வாரம் வாங்கன்னு. கோபம் வரத்தான் செஞ்சுச்சு. அப்புறம் சாப்பாட்டுக்கடைல உக்காந்து பசியாறினதும் யோசிச்சுப் பாத்தேன், டிக்கெட் கிடையாது, சம்பளம் வாங்குற ஆள் ஒருத்தரும் கிடையாது, அவங்க வீட்டு விசேஷத்தை விட்டுட்டு எனக்காக வந்து கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்னு நான் எந்த உரிமைல எதிர்பார்க்கறது?

கதவுத் தாள்ல கீழ ஒரு வாட்ஸ்அப் நம்பர் இருந்துச்சு. அதை அன்னைக்கே போட்டோ எடுத்துக்கிட்டேன். முந்தின வாரமே அதுக்கு ஒரு மெசேஜ் தட்டியிருந்தா அம்மாவோட முட்டிவலிக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

எடத்தோட பேரை நான் எழுதலை. சின்ன எடம், ஒரே நேரத்துல பத்து பேர் உள்ள போனா திரும்ப எடமில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுன்ல லிட்டில் இந்தியா பக்கம், பழைய கடைவீட்டோட கீழ்த்தளம், வீட்டுக்காரர் முன்கூடத்தையும் முற்றத்தையும் சும்மா கொடுத்திருக்காரு. ரிட்டயர் ஆன தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருத்தர், துறைமுகத்துல கிராணி (கிளார்க்) வேலை பாத்த ஒரு அண்ணன், காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, மொத்தமே அவ்ளோதான் ஆளு. டவுனுக்குள்ள இப்ப மியூசியம்னு பேரு வச்சு என்னென்னமோ இருக்கு, தலைகீழா நின்னு படம் எடுக்கறது, சுவத்துல வரைஞ்ச பாம்பு வாய்க்குள்ள தலையை விடறது. ஆர்மீனியன் ஸ்திரீட்ல 2012ல வரைஞ்ச அந்த சைக்கிள் பிள்ளைங்க படத்துக்கு முன்னாடி இன்னைக்கும் கியூ நிக்குது. நிக்கட்டும், நானும் நின்னவதான். ஆனா அந்த சுவத்துக்குப் பின்னாடி யார் குடியிருந்தான்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை பாருங்க, அந்த பதிலைத்தான் இவங்க சேத்துக்கிட்டிருக்காங்க.

நான் போனது ஊருக்குச் சேவை செய்யலாம்னு எல்லாம் இல்லை. எங்க வீட்ல ஒரு பொக்கிஷம் இருக்குன்னு நெனப்பு. பாட்டி விட்டுட்டுப்போன ஜப்பான்காரன் காலத்து நோட்டு, அஞ்சு தாள், பத்து டாலர் நோட்டுல வாழைமரம் போட்டிருக்கும், அதான் வாழைமர நோட்டுன்னு சொல்றது. 1941 டிசம்பர்ல ஜார்ஜ் டவுன்ல குண்டு விழுந்து ஜப்பான்காரன் பிடிச்சப்புறம் 1945 செப்டம்பர்ல வெள்ளைக்காரன் திரும்பி வந்த வரைக்கும் ஊரே அந்த நோட்டுலதான் ஓடிச்சு, வந்ததும் செல்லாதுன்னுட்டான். இதைக் கொண்டுபோய் கொடுத்தா கண்ணாடிப் பெட்டில வச்சு கீழ எங்க குடும்பப் பேரை எழுதுவாங்கன்னு கனவு கண்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு பெரிய எடத்துக்கு ஈமெயில் போட்டு மூணு மாசம் பதிலே இல்லை, அதனால சின்ன எடமாவது மரியாதை கொடுக்கும்னு ஒரு எண்ணம்.

ரெண்டாவது தடவை புதன்கிழமையே மெசேஜ் போட்டேன். ராத்திரியே பதில் வந்துச்சு, "வாங்கம்மா, எத்தனை பேர், வயசானவங்க இருக்காங்களா, எதாவது கொண்டு வர்றீங்களா" அப்படின்னு. அந்த மூணாவது கேள்வி முக்கியம், கவனிச்சுக்கோங்க. எதாவது கொண்டு வர்றோம்னு முன்கூட்டியே சொன்னா அதைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் அன்னைக்கு இருக்கிற மாதிரி பாத்துக்குவாங்க, மேசையைக் காலி பண்ணி வச்சிருப்பாங்க.

போற வழி பத்தி ரெண்டு வார்த்தை. பட்டர்வொர்த் பக்கத்துலேர்ந்து வர்றவங்க காடியை (காரை) அங்கேயே விட்டுட்டு ஃபெரில வாங்க, 2023 ஆகஸ்ட்ல வந்த புது ஃபெரில காடி ஏத்த மாட்டாங்க, ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். இறங்குற எடத்துலேயே காசில்லாத கேட் பஸ் இருக்கு, நடந்தாலும் பத்து நிமிஷந்தான், ஆனா வெயில்ல அம்மா மாதிரி ஆளுங்களை நடக்க விடாதீங்க. உள்ள ஏர்கோன் இல்லை, காத்தாடிதான். கழிப்பறை பின்கட்டுல, நடுவுல முற்றத்தைத் தாண்டிப் போகணும், மழை பேஞ்சா வழுக்கும்.

உள்ள போனதும் மொதல்ல கண்ணுல பட்டது மூட்டை தூக்குற கொக்கி. இரும்பு கொக்கி, கட்டைப் பிடி, பிடில கை பட்டு பட்டு பளபளன்னு ஆயிருக்கு. எங்க தாத்தா துறைமுகத்துல, வெல்ட் கீ பக்கம் மூட்டை தூக்கினவர், எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, வீடு காலி பண்ணப்போ பழைய இரும்புக்காரன்கிட்ட போயிடுச்சு. பக்கத்துல டிரங்குப் பொட்டி, வட்டிக்கு விடுற செட்டியார் கிட்டங்கில இருந்த சாய்வு மேசை, ஆட்டுக்கல்லு. சுவத்துல ரஜுலா கப்பல் படம். 1926ல தண்ணில இறக்கின கப்பல், மெட்ராஸ்லயும் நாகப்பட்டினத்துலயும் ஏறினா பினாங்குல இறங்கலாம், 1970கள் வரைக்கும் ஓடிச்சு, நம்மள்ல எத்தனை வீட்டுக் கதை அதோட டெக்குல ஆரம்பிக்குது. வாத்தியார் ஐயா அதுக்குப் பக்கத்துல ஜெரஜாக் தீவுப் படத்தைக் காட்டினாரு. கப்பல்ல அம்மை, காலரா இருக்குன்னு சந்தேகம் வந்தா நேரா ஊருக்குள்ள விடமாட்டானாம், அந்தத் தீவுல ஒதுக்கி வச்சு பாத்துட்டுத்தான் விடுவானாம். என் பையன் அப்பதான் போனைக் கீழ வச்சான், "கோவிட்ல பண்ண மாதிரியா?"ன்னு. அதேதாண்டான்னாரு.

இதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணு சொல்லணும், காட்சி வச்சிருக்கிற விதம் சுமார்தான். எழுத்து சின்னது, சில அட்டை மஞ்சளாகி சுருண்டு கிடக்கு, ரெண்டு படத்துக்கு ஒரே விவரம். தனியா சுத்திப் பாத்துட்டு வரலாம்னு போனா இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும், ஏமாந்த மாதிரி இருக்கும். அங்க இருக்கிற ஆள்கிட்ட பேசணும். ஒரு சாமானைக் காட்டி "இது உங்களுக்கு எப்படி கிடைச்சுச்சு"ன்னு மட்டும் கேட்டுப்பாருங்க. அந்த டிரங்குப் பொட்டியை அவங்க குப்பைலேர்ந்து எடுத்திருக்காங்க. நெஜமாவே குப்பைலேர்ந்து.

அது ஏன்னா, பழைய வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்துற சட்டம் ஒண்ணு இருந்துச்சு, 1966 சட்டம், 1948க்கு முன்னாடி கட்டின வீட்டுக்கெல்லாம் வாடகையை இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. அதனாலதான் டவுனுக்குள்ள ஏழைபாழை எல்லாம் தலைமுறை தலைமுறையா இருக்க முடிஞ்சுச்சு. அதை எடுத்துட்டாங்க, 2000 ஜனவரி 1லேர்ந்து வீட்டுக்காரர் சொன்னதுதான் வாடகை. எங்க வீட்டுக்கும் கடுதாசி வந்துச்சு, ஒரே தாள்ல பத்து மடங்குக்கு மேல. நாங்க அந்தக் கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போனது அப்பதான், பக்கத்து வீட்டு ஆளுங்க எங்கெங்கயோ போனாங்க, புது பிளாட்ல எடமில்லாம பழைய சாமானெல்லாம் அஞ்சடில போட்டுட்டுப் போனாங்க. எட்டு வருஷம் கழிச்சு 2008ல மலாக்காவோட சேத்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய ஊர்னு அறிவிச்சப்போ கட்டடமெல்லாம் அப்படியே இருந்துச்சு, உள்ள நாங்க இல்லை.

சரி, என் பொக்கிஷத்துக்கு வர்றேன். மேசைல வெள்ளைத் துணி விரிச்சு வச்சிருந்தாங்க. நான் பைலேர்ந்து எடுத்து, பாட்டியோட பழைய 555 புக்குக்குள்ள கசங்காம வச்சிருந்த அஞ்சு நோட்டையும் ஒண்ணொண்ணா அடுக்கினேன். வாத்தியார் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாத்தாரு. அப்புறம் மெதுவா எந்திரிச்சுப் போய் அலமாரிலேர்ந்து ஒரு மைலோ டின்னை எடுத்துட்டு வந்து மூடியைத் திறந்தாரு. உள்ள முழுக்க வாழைமர நோட்டு. கத்தையா ரப்பர் பேண்ட் போட்டு.

"எல்லா வீட்லயும் இருக்கும்மா" அப்படின்னாரு. "செல்லாதுன்னு சொன்னப்புறம் யாருக்கும் தூக்கிப் போட மனசு வரலை பாருங்க. கொடுத்தா வாங்கிக்கிறேன், ஆனா இந்த டின்லதான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்."

அம்மா சிரிச்சிட்டாங்க. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

அந்த நேரத்துலதான் காலேஜ் பொண்ணு, "அக்கா, அந்த புக்கை ஒரு தடவை பாக்கலாமா?"ன்னு கேட்டா. எந்த புக்குன்னேன். நோட்டு வச்சிருந்த புக்காம். மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன், 555 புக்குன்னா சட்டைப் பாக்கெட்ல போற அளவு சின்ன நோட்டுப்புத்தகம், நம்ம நாட்டுல கடைக்கு கடன் எழுதுறதுன்னாலே அதுதான், "555ல எழுதிக்கோ"ன்னா கடன் வச்சுக்கோன்னு அர்த்தம். எங்க பாட்டி வீட்லேர்ந்தே தோசையும் புட்டுமாவும் போட்டு வித்தவங்க. அது அவங்க கணக்கு, 1978லேர்ந்து ஒரு மூணு வருஷத்துக்கு. அட்டை பாதி இல்லை, நடுவுல ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடிச்சு தாள்ல செம்மண் மாதிரி கறை.

அவ முதல் பக்கத்தைத் திருப்பினா. பேரே இல்லை. "17 மா 2 தோ 40", "17 பி 1.20", "19 மு பாக்கி", "17 படி 4.60" இப்படியே போகுது. பேர் போடாம என்ன கணக்குன்னு அவ முழிக்கிறா. காத்தாடிக்குக் கீழ உக்காந்து விசிறிக்கிட்டிருந்த எங்க அம்மா அங்கேயிருந்தே, "17 மாடி, ரெண்டு தோசை, நாப்பது காசு" அப்படின்னாங்க.

அம்மா பாட்டிக்கு மருமக. கல்யாணமாகி வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து வீடு வீடா தோசை கொண்டுபோய்க் கொடுத்து, சம்பள நாளைக்குப் போய் காசு வசூல் பண்றது அம்மா தலைல. அந்தக் காலத்து கடைவீடு ஒண்ணுக்குள்ள பலகை அடிச்சு அடிச்சு ஏழு எட்டு குடும்பம் இருக்கும். 17, 19ன்னா வீட்டு நம்பர், மு-ன்னா முன்ரூம்பு, பி-ன்னா பின்கட்டு, மா-ன்னா மாடி. "படி"ன்னா?

"படிக்கட்டுக்கு அடில ஒருத்தர் பாய் போட்டுப் படுத்திருந்தாரு. நைட் ஷிப்ட் வாட்ச்மேன். பகல்ல தூங்குவாரு. காசு கேக்கப் போனா தூங்குற மாதிரி நடிப்பாரு."

ஐயா அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. அவங்ககிட்ட அந்த வீடுங்க இருந்த தெருவோட முன்பக்கப் படம் நிறைய இருக்காம், சன்னல், தூண், பூ வேலைப்பாடு, கட்டடக்கலை படிக்கிற பிள்ளைங்க அளந்து வரைஞ்ச வரைபடம் கூட இருக்கு. உள்ள எந்த ரூம்புல யார் இருந்தா, எத்தனை பேரு, என்ன வேலை, அது ஒரு துண்டுத்தாள்ல கூட இல்லை. வாடகை ரசீதுல தலைமைக் குடித்தனக்காரர் பேரு மட்டும்தான் இருக்கும், அவருக்குக் கீழ உள்வாடகைக்கு இருந்தவங்க எங்கயும் பதிவு ஆகலை. எங்க பாட்டி கடனுக்காக ஊரையே ரூம்பு ரூம்பா எழுதி வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்சுச்சு, வீட்ல பெரியவங்க இருக்கிற எல்லாரும் இதைச் செய்யலாம். "அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க பாட்டி"ன்னு கேக்கலை. அப்படிக் கேட்டா எங்க அம்மா "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்"னு ஒரு வரில முடிச்சிருப்பாங்க, நானே பலதடவை கேட்டு வாங்கின பதில் அது. அவ ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, "வாசல் இங்கன்னா, தோசைத் தட்டோட நீங்க எந்தப் பக்கம் போவீங்க?"ன்னு மட்டும் கேட்டா. அம்மா கோடு போட ஆரம்பிச்சாங்க. இங்க குழாய், இங்க எல்லாருக்கும் ஒரே அடுப்படி, இங்க சாமி மாடம், இங்க பெரிய தண்ணித் தொட்டி. ஒண்ணரை மணி நேரம். முன்னாடியே அனுமதி கேட்டு போனை மேசைல வச்சு ரெக்கார்ட் பண்ணினாங்க, போனுக்குக் கீழ கைக்குட்டையை மடிச்சு வச்சா மேசை ஆடுற சத்தம் விழாதாம்.

எல்லாம் இனிப்பாவும் இல்லை. வசூல் பண்ணாம திரும்பி வந்தா மாமியார் என்ன பேசுவாங்கன்னு அம்மா சொன்னதை நான் அன்னைக்குத்தான் மொதல் தடவை கேக்கறேன். "அந்த புக்கைத் தூக்கிப் போடுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்"ன்னாங்க என்கிட்ட. அந்த இடத்துல ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினாங்க.

கொடுக்கிற விஷயத்துக்கு வந்தப்போ ஐயா ஒரு ஃபாரத்தை நீட்டினாரு. மூணு கட்டம். நிரந்தரமா கொடுக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்கு இரவல் கொடுக்கிறது, ஸ்கேன் மட்டும் எடுத்துக்கிட்டு திருப்பிக் கொடுக்கிறது. இப்படி ஒரு தாள் இல்லாத எடத்துல எதையும் கொடுத்துட்டு வராதீங்க, எவ்வளவு நல்ல மனுஷங்களா இருந்தாலும். தன்னார்வலர் எடம்னா நாளைக்கே வீட்டுக்காரர் வீட்டைக் கேக்கலாம், பெரியவர் உடம்புக்கு முடியாம போகலாம், அப்ப உங்க சாமான் யார் வீட்டு ஸ்டோர்ல போய் நிக்கும்? இதை நான் கேக்கலை, ஐயாவே சொன்னாரு. நான் மூணாவது கட்டத்துல டிக் போட்டேன்.

போட்டுட்டு வீட்டுக்கு வந்து பெருமையா குடும்ப குரூப்புல போட்டேனா, சித்தப்பா போன் போட்டுத் திட்டினாரு. "எங்கம்மா கடன் புக்கை யாரைக் கேட்டுக் கொடுத்த? 17 மாடில இருந்தவங்க பேரப்பிள்ளை இன்னைக்கு டாக்டரு, அவன் தாத்தா தோசைக்குக் கடன் வச்சான்னு ஊருக்குக் காட்டுவியா?" நியாயந்தானே. எனக்குத் தோணவே இல்லை. அடுத்த நாள் ஐயாவுக்கு மெசேஜ் போட்டேன், அவங்க சரின்னுட்டாங்க, ரூம்பும் வேலையும் மட்டும் வரைபடத்துல வரும், பாக்கித்தொகை உள்ள பக்கங்களைக் காட்சிக்கு வைக்க மாட்டோம்னு ஃபாரத்துலேயே எழுதி கையெழுத்து போட்டு அனுப்பினாங்க. அதனால, கொடுக்கிறதுக்கு முன்னாடி கூடப்பொறந்தவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை. நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க.

பழைய தாளைப் பத்தி அவங்க சொன்னதுல எனக்குத் தெரியாம இருந்தது நிறைய. மொதல்ல லேமினேட் பண்ணாதீங்க, பத்திரமா இருக்கும்னு நெனச்சு நான் தாத்தாவோட போட்டோ ஒண்ணை பண்ணிட்டேன், இனி பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், அதோட பசை மஞ்சளாகி தாளையே தின்னுடும். துருப்பிடிச்ச ஊசியை மெதுவா கழட்டிட்டு நூல் போட்டுக் கட்டலாம். போட்டோ பின்னாடி எழுதணும்னா பேனா கூடாது, மிருதுவான பென்சில், அதுவும் ஓரத்துல அழுத்தாம. ஸ்கேன் எடுத்தா 600 டிபிஐ வச்சு எடுங்கன்னாங்க, போன்லதான் முடியும்னா சன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாம, நேர் மேலேர்ந்து. நம்ம ஊரு ஈரத்துக்கு பிளாஸ்டிக் பைல இறுக்கிக் கட்டி அலமாரி அடில போட்டா உள்ளேயே வேர்த்து பூஞ்சை பிடிக்கும், காகித உறைல போட்டு, சப்பாத்து பெட்டில வர்ற சிலிகா பொட்டலம் ரெண்டு கூட வச்சு, தரைலேர்ந்து மேல தள்ளி வைங்க, கரையான் கீழேர்ந்துதான் ஏறும்.

ஒண்ணு விட்டுட்டேன். உண்டியல் பெட்டி வாசல்ல இருக்கு, யாரும் கேக்க மாட்டாங்க, அதனால பல பேர் பாக்காமயே போயிடறாங்க. கரண்டு பில்லும் சிலிகா பொட்டலமும் அதுலேர்ந்துதான். நான் 50 வெள்ளி (ரிங்கிட்) போட்டேன், கூட ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனதுக்கு அந்த அம்பது வெள்ளியைவிட அதிகமா சந்தோஷப்பட்டாங்க, ஆனா முறுக்கை சாமான் இருக்கிற கூடத்துல திறக்க விடலை, எறும்பு வருமாம், வாசல்ல நின்னுதான் சாப்பிட்டோம்.

அடுத்த மாசம் திரும்பப் போறோம். 19ஆம் நம்பர் வீட்டோட உள்பக்கம் இன்னும் வரையலை. அம்மா இப்ப மறுபடி புக்கை கைல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா கூட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க. படிக்கட்டுக்கு அடில இருந்தவரு அந்த நாலு வெள்ளி அறுபது காசை கடைசி வரைக்கும் கொடுக்கலையாம்.